இன்னும் முடிக்கவில்லை

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், சாப்பிட்டதால் வரும் எரிச்சல், சாப்பிடாததால் வரும் எரிச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் எந்தத் தட்டில் எந்த மாத்திரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இந்த எரிச்சலுக்கு மட்டும் கடையில் சரக்கு இல்லை.

காரணம் நூலக வாசலிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்களைக் கொண்டாட அந்த நூலகம் ஒரு வாரம் விழா எடுத்திருந்தது. கடைசி நாள் முழுக்கச் சின்னவளுக்கு. அவள் முகத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்துப் பதாகை கட்டியிருந்தார்கள். சின்னவள் வேறு யாருமில்லை, பெரியவளின் கூடப்பிறந்த தங்கைதான். தலைவாரத் தெரியாமல் தினமும் சீப்போடு வந்து அக்காவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த கழுதை.

முதலில் எழுதியது யார்? பெரியவள்தான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போக நினைக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவள் ஒரே ஒரு நாவல் எழுதினாள். சொந்தக்காரர்கள் வாங்கினார்கள், வாங்கியதோடு சரி. மிச்சப் பிரதிகளெல்லாம் அவள் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகத் தூங்குகின்றன. பின்னால் எழுத வந்த சின்னவளுக்கு இது மூன்றாவது புத்தகம். பிள்ளைகள் அதற்காகப் பைத்தியமாக அலைகிறார்கள். போதாதென்று, "என்னைப் பத்தி மேடையில எங்க அக்காதான் பேசணும்" என்று நூலகரிடம் வேறு அடம்பிடித்திருந்தாள். ஒரு மாதமாகத் தொலைபேசியில் ஒரே நச்சரிப்பு.

"அக்கா, படிச்சியா?"

"இன்னும் முடிக்கலடி. கடையில மூச்சு விட நேரமில்ல."

"எவ்வளவு தூரம் வந்திருக்க?"

"பாதி."

"பாதி வரைக்கும் எப்படி இருக்கு?"

"முழுசா படிச்சாத்தானே சொல்ல முடியும்?"

பச்சைப் பொய். புத்தகம் கைக்கு வந்த அன்றே, கல்லாவுக்குக் கீழே மடியில் வைத்து ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். இருமல் மருந்து கேட்டு வந்தவரை "கொஞ்சம் இருங்க" என்று நிற்க வைத்துவிட்டுத்தான் அந்த மொட்டைமாடிக் காட்சியைப் படித்தாள். பரீட்சையில் தோற்ற பெண் மாடியில் ஒளிந்திருக்கிறாள். அம்மா தேடிக்கொண்டு வருகிறாள். திட்டவில்லை, தேற்றவும் இல்லை. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு போர்வையின் மறுமுனையைப் பெண் வந்து பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பெரியவள் தேம்பித் தேம்பி அழுதாள். இருமல்காரர் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டார்.

கண்ணைத் துடைத்த கையோடு அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அதே வீட்டு மாடி, அதே கொடி, அதே அம்மா. நானும் அங்கேதானே இருந்தேன்?

இன்று மேடையில் என்ன பேசுவது என்று தீர்மானித்து வைத்திருந்தாள். "கடை வேலையில இன்னும் முடிக்கல. படிச்ச வரைக்கும் பரவாயில்ல. தங்கச்சி நல்ல உழைப்பாளி." கேட்பவர்களுக்கு ஒன்றும் தப்பாகத் தெரியாது. சின்னவளுக்கு மட்டும் தைக்கும். ஊர் முன்னால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அது தெரிந்துதான் அந்த வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்திருந்தாள்.

உள்ளே, வாரம் முழுக்க வந்துபோன எழுத்தாளர்களின் புத்தகங்களை ஒரு நீள மேசையில் அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னத் தாங்கியில் சின்னவளின் புத்தகம் கொலுவீற்றிருந்தது. பெரியவளுடையது இல்லை. நூலகர் தயங்கித் தயங்கி வந்தார்.

"உங்க புத்தகத்தையும் வைக்கத்தான் மேடம் தேடினேன். கம்ப்யூட்டர்ல உள்ளதான் இருக்குன்னு காட்டுது, அலமாரியில இல்ல."

"யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க," என்றாள் பெரியவள், கொஞ்சம் நப்பாசையோடு.

நல்ல மனிதர், உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "இல்ல மேடம். ரொம்ப வருஷமா அதை யாருமே எடுக்கல."

அவர் நாற்காலி போடச் சொல்ல அந்தப் பக்கம் திரும்பினார். இந்தப் பக்கம் தாங்கியில் இருந்த புத்தகம் பெரியவளின் கைப்பைக்குள் போனது. எடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. கால்கள் பாட்டுக்கு அலமாரிகளுக்கு இடையில் நடந்தன. கடைசி வரிசையில், தடிதடியான சட்டத் தொகுதிகள் தூசியோடு நின்றன. இங்கே செருகினால் ஏழு ஜென்மத்துக்கும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. தோளுக்கு மேல் வளர்ந்த மகன் இருக்கிற பெண்ணுக்குத் தங்கச்சி பொம்மையை ஒளித்து வைக்கிற புத்தி.

இரண்டு தொகுதிகளை உருவிவிட்டு, தங்கையின் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துப் பின்னால் தள்ளினாள். போகவில்லை. ஏதோ தடுத்தது. கையை விட்டுத் துழாவி எடுத்தாள்.

அவளுடைய நாவல். ஓரமெல்லாம் மழுங்கி, முதுகில் செல்லோடேப் ஒட்டி, திறந்தால் தானாக விரியும் அளவுக்குப் பழகிப்போன பிரதி.

"ஆன்ட்டி, ப்ளீஸ், அதை எடுக்காதீங்க."

பள்ளிச் சீருடையில் ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"நீயா இதை இங்க வச்ச?"

"ம். சட்டப் புத்தகம் பக்கம் யாரும் வரமாட்டாங்க. வரும்போதெல்லாம் இங்கேயே உக்காந்து படிப்பேன்."

"கார்டு போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமே."

"அப்புறம் திருப்பித் தரணும்ல. தந்தா என் ஃப்ரெண்ட் எடுப்பா. அவளுக்கும் பிடிச்சுரும்." பெண்ணின் முகம் சுருங்கியது. "அவகிட்ட எல்லாமே இருக்கு ஆன்ட்டி. இது எனக்கு மட்டும் இருக்கட்டும்."

கலப்படமில்லாத பொறாமை. பெரியவளுக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

"போன வருஷம் ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு இருந்தேன்," என்றாள் பெண். "இதுல வர்ற பொண்ணு கேட் வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வருவா. அந்தப் பக்கத்தைப் படிச்சுப் படிச்சுத்தான் திரும்பப் போனேன். இதை எழுதினவங்க அப்புறம் எதுவுமே எழுதல. செத்துட்டாங்க போல."

"சாகல. மருந்துக்கடையில வேலை பாக்கறாங்க."

வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துப் பெண் சிரித்தாள். நான்தான் அது என்று சொல்லப் பெரியவளுக்கு நாக்கு துடித்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள். அதற்குள் பெண்ணின் பார்வை அவள் கையில் இருந்த இன்னொரு புத்தகத்தில் விழுந்தது.

"நீங்களும் ஒளிச்சு வைக்கத்தானே வந்தீங்க? அதுவும் அவ்வளவு நல்லாயிருக்குமா?"

"இருக்கும்."

வாயை மூடுவதற்குள் வந்துவிட்டது. ஒரு மாதமாகத் தங்கைக்குத் தராமல் இறுக்கிப் பிடித்த சொல், முன்பின் தெரியாத பெண்ணிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"முழுசா படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை," என்றாள் பெரியவள்.

ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டார்கள். தன் நாவலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துத் தொகுதிகளால் மூடினாள். தங்கையின் புத்தகத்தோடு மேடைக்குப் போனாள்.

கூடம் நிறையப் பிள்ளைகள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சின்னவள், அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் தொண்டைவரை வந்து நின்றன.

"இன்னும் முடிக்கலன்னு இவகிட்ட ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேன்," என்றாள். "பொய். வந்த அன்னைக்கே முடிச்சேன். அப்புறம் மறுபடியும் படிச்சேன், எங்கேயாவது மட்டமா இருக்கான்னு தேடி."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"கிடைக்கல. நல்லாயிருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பொறாமை. வேற ஒண்ணுமில்ல."

சின்னவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். எத்தனையோ மேடையில் எத்தனையோ பாராட்டைக் கைகூப்பி வாங்கியவள், இப்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவா அக்கா? நீ பொறாமைப்படற அளவுக்கா நான் எழுதியிருக்கேன்?"

"ஆமா."

"உன் புத்தகம் வந்தப்ப எனக்கும் இப்படித்தான்," என்றாள் சின்னவள், அழுதுகொண்டே. "ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. அதைப் பத்தி ஒரு வார்த்தை உன்கிட்ட பேசல. நீ கவனிக்கவே இல்ல."

பெரியவள் கவனித்திருந்தாள். தங்கையின் ஒரு வார்த்தைக்காக அப்போது மாதக்கணக்கில் காத்திருந்தாள். இவளுக்கே பிடிக்கவில்லை என்றால் வேறு யாருக்குப் பிடிக்கப்போகிறது என்று முடிவுகட்டித்தான், பாதி எழுதிய இரண்டாவது நாவலைக் கிழித்துப் போட்டாள்.

அதைச் சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் சின்னப் பிள்ளையாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்கா கையை விடாமல் நின்றாள்.

"மைக் ஆன்ல இருக்குடி. போய் உக்காரு," என்றாள் பெரியவள்.