சத்தம் சரியில்லை

வீரையன் போலீசில் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம். அதில் பாதிக்கு மேல் திருவாரூர்ப் பக்கத்து ஸ்டேஷன்களில் ரைட்டர் வேலை. அவர் சுட்டதெல்லாம் வருஷாந்திரப் பயிற்சியில் ரைஃபிள்தான். எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு எஸ்.ஐ. ஆன பிறகு, போன ஆவணியில் பிஸ்டல் பயிற்சிக்குப் பெயர் வந்தது. தஞ்சாவூருக்குத் தெற்கே, செம்மண் மேட்டில் இருந்த சுடுதளத்தில் மூன்று நாள்.

கற்றுக்கொடுத்தவர் ஆயுதப்படை எஸ்.ஐ. அஃப்ரீன். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மேகஸினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே எங்கேயாவது ஒரு டம்மியை, மருந்தில்லாத போலித் தோட்டாவை, செருகிக் கொடுப்பார். அது வரும்போது பிஸ்டல் வெடிக்காது. 'டிக்' என்று மட்டும் கேட்கும். உடனே மேகஸினை அடியில் தட்டி, மேலே உள்ள ஸ்லைடை இழுத்துவிட்டு மறுபடி சுட வேண்டும். டம்மி தெறித்து விழும், அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். யோசிக்கவே கூடாது, கை தானாகச் செய்ய வேண்டும் என்றார்.

முதல் நாள் 'டிக்' கேட்டதும் வீரையன் பிஸ்டலைப் பக்கவாட்டில் திருப்பி என்ன ஆயிற்று என்று பார்த்தார். முனை தங்கள் பக்கம் திரும்பியதும் பக்கத்தில் நின்றவர்கள் சட்டென்று குனிந்துகொண்டார்கள். அஃப்ரீன் அவர் மணிக்கட்டைப் பிடித்து முனையை இலக்குகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று வீரையனுக்கு இருந்தது.

அன்று சாயங்காலமே தங்கியிருந்த அறையில் சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு தட்டினார், இழுத்தார். நூறு தடவைக்கு மேல் இருக்கும். இரண்டாம் நாள் மதியத்துக்குள் கை பழகிவிட்டது.

மூன்றாம் நாள் தேர்வு. பத்து ரவுண்டு. மூன்றாவதில் டம்மி வந்தது. தட்டி, இழுத்து, சுட்டார். ஆறாவதில் நமுத்த பட்டாசு மாதிரி 'புஸ்' என்றது. சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் உதையே இல்லை. அவர் உள்ளங்கை அதற்குள் மேகஸினைத் தட்டிவிட்டது. இடது கை ஸ்லைடின் மேல் போய் நின்றது. அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? டைம் ஓடுது" என்றார் அஃப்ரீன். அவர் அடுத்த ஆளின் இலக்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் சரியில்லங்க மேடம்."

"டம்மியா இருக்கும். இழுத்துட்டுச் சுடுங்க."

"டம்மி இல்லங்க. ஏதோ வெடிச்சுது. ஆனா உதைக்கல. நான் சுடமாட்டேன்."

பிஸ்டலை மேட்டுப் பக்கமே நீட்டியபடி நின்றார். விரல் விசைக்கு வெளியே இருந்தது. மேலதிகாரியிடம் இப்படி மறுத்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

அஃப்ரீன் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிட்டே வந்தார். ஆயுதக் கிடங்கைக் கவனிக்கும் பஞ்சநதம் பிஸ்டலை வாங்கி, மேகஸினைக் கழற்றி, காலி ஆக்கி, குழலுக்குள் மெல்லிய கம்பியை விட்டார். பாதியில் தட்டி நின்றது. தோட்டாவில் மருந்து போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். கை விரல் போயிருக்கும் என்றார் பஞ்சநதம்.

அஃப்ரீன் அந்தக் கம்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு பயிற்சிக்கு வந்திருந்த பதினான்கு பேரையும் கூப்பிட்டார்.

"இத நான் முதல் நாளே சொல்லியிருக்கணும், சொல்லல. இன்னைக்குச் சுடுங்கன்னும் சொல்லிட்டேன். தப்பு என்னுது. சத்தம் கம்மியா இருந்தா யார் சொன்னாலும் சுடாதீங்க, நானே சொன்னாலும்."

வீரையனுக்கு வேறு பிஸ்டல் கொடுத்தார்கள். குறி பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு தடவையும் சத்தத்தையே கவனித்துக்கொண்டு சுட்டார். மிச்சம் நான்கில் இரண்டு பலகையிலேயே படவில்லை. தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண்ணுக்கு ஒன்று குறைந்தது. அடுத்த மாதம் திரும்பவும் வரச் சொன்னார்கள். சரிங்க மேடம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.