ஓகே சொன்ன வாய்

எங்கள் வீட்டில் ஓகே சொல்லாத ஆள் கிடையாது. மீன்காரர் வாசலில் நின்று பாரைக்கு விலை சொன்னால், உம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஓகே என்பார். ஓட்டோக்காரரிடம் வாப்பா ஓகே என்றால் கல்முனைக்கு ஏறலாம். நான் ஓகே சொன்னால் மட்டும், என்னைச் சும்மா விடுங்கள் என்று அர்த்தம். பாழாய்ப்போன பழக்கம்.

அந்தப் பழக்கத்தில்தான் கட்டாரிலிருந்து றிஸ்மி கதைத்தபோதும் சொல்லித் தொலைத்தேன். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அவர். "கலியாணத்துக்குப் பொறகு கெம்பஸ் தேவயில்லதானே ஹிமாயா, ஓகேயா?" என்றார். எனக்கு ஒலுவில் பல்கலைக்கழகத்தில் இறுதி வருஷம். பக்கத்தில் உம்மா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஃபோனைப் பிடித்திருந்தார். வேறென்ன சொல்ல?

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுத்தேன், எழும்பினேன், முற்றத்தில் நடந்தேன். சோறு இறங்கவில்லை. எனக்கு மூத்தவளான ராத்தா ஜெனூபாவிடம் சொன்னால், "நீதானே ஓகே சொன்ன? இப்ப என்னடி கூத்து?" என்று எரிந்து விழுந்தாள். எனக்கும் கோபம் ஏறியது. "அதுக்காகப் படிப்ப உடுறதா?" என்று கத்தினேன். அவளிடம் கத்தத்தான் முடிந்தது. வாப்பாவிடம் போகப் பயம்.

நிகாஹ் நாளும் வந்தது. லீவில் வந்த றிஸ்மியும் அவர் வீட்டாரும் மருதமுனையிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் நிகாஹ் பதிவில் பெண் ஒப்பம் வைப்பதில்லை, வாப்பாதான் வைப்பார். அதற்கு முன் சாட்சிக்கு இரண்டு பேருடன் அறைக்குள் வந்து ஒருமுறை கேட்பார். பெண் தலைகுனிந்து பேசாமல் இருந்தாலே சம்மதம்தான்.

"மகள், றிஸ்மிக்கு ஒன்ன முடிச்சுக் குடுக்கப் போறன். சம்மதம்தானே?"

கேட்டுவிட்டு வாப்பா பாதி திரும்பியும் விட்டார்.

"இல்ல வாப்பா." குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவர் படிப்ப உடச் சொல்றார். நான் உடமாட்டன். எனக்குச் சம்மதமில்ல."

"யா அல்லாஹ்! வாய மூடு புள்ள!" உம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சபை நெறஞ்சி கிடக்கு!"

வாப்பாவின் முகம் வெளிறிப் போனது. அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். நான் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அழுகை மட்டும் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது.

அவர் உம்மாவின் கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு சாட்சிக்கு வந்தவர்களைப் பார்த்தார்.

"கேட்டீங்கதானே?" என்றார். "இனி நான் ஒப்பம் வைக்க ஏலா. வாங்க, சபையில நானே சொல்றன்."