கண்ணாடியோடு ஆறு முகங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு மில்லி என்று பெயர். மில்லிமீட்டரின் சுருக்கம். ஃபிரேம் மூக்கில் உட்காருவதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வாடிக்கையாளரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க விடமாட்டாள் என்பதால் முதலாளி வைத்த பட்டம். பதினெட்டு வருஷமாக அதே மேஜை, அதே விரல் நீள ஸ்க்ரூடிரைவர், ஃபிரேமை இளக்குவதற்கு அதே சூட்டுப்பெட்டி. ஒரு நாளைக்கு முப்பது முகங்களையாவது ஒரு சாண் தூரத்தில் பார்ப்பாள். "கண்ணாடியைக் கழட்டுங்க" என்பதைத்தான் வாழ்க்கையில் அதிகம் சொல்லியிருப்பாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் வீட்டுக்காரரிடம்கூட அத்தனை வார்த்தை பேசியிருக்க மாட்டாள் என்று நாத்தனார் கணக்குச் சொல்வதுண்டு.

கேமரா கைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் ஆறு மாதம் அவள் எடுத்ததெல்லாம் முதுகுகள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் முதுகு, பாலத்தில் நடந்து போகிறவர்களின் முதுகு, ஜன்னலைத் துடைக்கிறவரின் முதுகு. எதிரே போய் நின்று "ஒரு படம் எடுத்துக்கட்டுமா" என்று கேட்க நாக்கு எழவில்லை. நூலக மாடியில் ஞாயிறுதோறும் கூடும் படக்குழுவில் சேர்ந்த புதிதில், ஒரு பெண் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "உங்க தெருவுல யாருக்கும் மூஞ்சியே கிடையாதா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளே கடைக்குக் கேமராவை எடுத்துப் போனாள்.

வாடிக்கையாளர்கள் மறுக்கவில்லை. தங்கள் காதையும் மூக்கையும் அவள் கையில் பல தடவை ஒப்படைத்தவர்கள்தானே. கடையின் பின்னறையில் பக்கவாட்டில் ஒரு ஜன்னல். அதன் கீழே ஸ்டூலைப் போட்டு ஒவ்வொருவராக உட்காரவைத்தாள். மத்தியான வெளிச்சம் முகத்தை அறைகிறது, நாலு மணி வெளிச்சம் தடவுகிறது என்பதைக் கற்றுக்கொண்டாள். கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும் என்பதையும், இருபது தடவை அழுத்துவதைவிட இருபது நிமிஷம் பேசிவிட்டு ஒரு தடவை அழுத்துவது மேல் என்பதையும் தானாகவே கண்டுபிடித்தாள். ஒரே ஒரு தொல்லை, மூக்குக்கண்ணாடி. ஜன்னல் அப்படியே வெள்ளைக் கட்டமாக லென்ஸில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு அவளிடம் பதினெட்டு வருஷமாக ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.

"கண்ணாடியைக் கழட்டுங்க."

அதற்குப் பிறகு எடுத்த முகங்கள் குழுவையே அசத்திவிட்டன. செயலாளராக இருந்தவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க வாயைத் திறக்கச் சொல்கிறவர், ஞாயிற்றுக்கிழமை வாயை மூடச் சொல்வார். படம் திரையில் இருக்கும்வரை எடுத்தவர் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அவர் போட்ட விதி. கடை வாடிக்கையாளரான வாட்ச் ரிப்பேர்காரரின் படம் திரையில் வந்தபோது டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இந்தப் பார்வையைப் பாருங்க. எங்கேயோ தூரத்துல எதையோ தேடுது. மூணு மாசமா ஒவ்வொரு படத்துலயும் இதைக் கொண்டு வர்றாங்க. எப்படின்னு எனக்குச் சத்தியமா புரியல."

விதிப்படி அவள் பேசவில்லை. பேச அனுமதித்திருந்தாலும் எப்படியென்று அவளுக்கும் தெரிந்திருக்காது. உள்ளுக்குள் மட்டும் ஒரு விளக்கின் திரி ஏறிக்கொண்டே போனது. அன்றைக்குக் கூட்டம் முடிகையில் டாக்டர் அறிவித்தார்: வருஷாந்திரக் கண்காட்சியில், மாடி ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் எதிர்ச்சுவர் இந்த முறை அவளுக்கு. ஆறு படங்கள். வரும் ஞாயிறு கொண்டுவந்து காட்ட வேண்டும். இரண்டு வருஷக்காரர் யாருக்கும் இதுவரை கிடைக்காத சுவர்.

அவள் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனாருக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை. வாசலில் வேனின் முன்கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, நடையே மாறிப்போச்சு? யாரை ஜெயிச்சுட்டு வர்ற?"

"எதிர்ச்சுவர் குடுத்துட்டாங்க அக்கா. ஆறு படம். நடுவுல நீங்கதான்."

"நானா? என் மூஞ்சிய வச்சா வந்த கூட்டமும் திரும்பிப் போயிடுமே." ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். கிட்டே, தள்ளி, மறுபடி கிட்டே வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. யாரோ பெரிய வீட்டுப் பொம்பள கனவு கண்டுட்டு உக்காந்திருக்கிற மாதிரி."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. அப்படி என்ன யோசிச்சிட்டு இருந்தீங்க அக்கா?"

"என்னத்த யோசிக்க? நீ எங்க நிக்கிறேன்னு தேடிட்டு இருந்தேன்."

"எதிர்லதானே நின்னேன்!"

"நின்னேன்னு நீ சொல்ற. கண்ணாடியப் புடுங்கி வச்சுட்ட. மைனஸ் ஏழு, நீதானே போட்டுக் குடுத்த? எனக்கு எதிர்ல விரிச்ச குடை மாதிரி கறுப்பா ஏதோ நின்னுச்சு. சத்தம் வந்த பக்கமா முழிச்சுட்டு இருந்தேன். திரும்பக் கண்ணாடியக் கையில குடுத்தப்பதான் எடுத்து முடிச்சதே தெரியும்." நாத்தனார் வயிறு குலுங்கச் சிரித்தாள். "இதுக்குப் போய் சுவர் குடுத்திருக்கானுங்களே!"

அவளும் சேர்ந்து சிரித்தாள். நாத்தனார் கண்ணில் படாமல் வேனின் அந்தப் பக்கம் போய் நிற்கும்வரைதான் சிரிக்க முடிந்தது.

வீட்டில், கட்டிலின் மேல் ஆறு படங்களையும் வரிசையாகப் பரப்பினாள். வாட்ச் ரிப்பேர்காரர், கணக்கு டீச்சர், தையல்காரர், பேக்கரி அம்மா, கடை முதலாளி, நாத்தனார். எல்லாருக்கும் கனமான பவர். பன்னிரண்டு கண்களும் அவள் நின்ற திசையில்தான் இருந்தன, ஆனால் ஒன்றுகூட அவளை வந்து சேரவில்லை. அதைவிடச் சங்கடமாக இன்னொன்று. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தழும்பு இருக்க வேண்டுமே? ஒரு படத்திலும் இல்லை. கம்ப்யூட்டரில் அவளே, பார்க்க நன்றாக இல்லையென்று, ஒவ்வொன்றாக அழித்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றிய தடத்தையும் சேர்த்து அழித்திருக்கிறாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன்னையே கொஞ்ச நேரம் நோண்டினாள். வெளிச்சம் பிரதிபலிக்கிறது என்பது உண்மையான காரணம்தான், ஆனால் அது முழுக் காரணமா? சின்ன வயதிலிருந்தே யாராவது முகத்தை உற்றுப் பார்த்தால் அவளுக்குக் கழுத்துக்கு மேல் சூடு ஏறும். போட்டோ எடுக்கிற இடத்தில் தூணைத் தேடுவாள். அப்படிப்பட்டவள் பதினெட்டு வருஷமாகப் பிடித்து உட்கார்ந்திருக்கும் வேலை எது? எதிரே இருப்பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் அவள் முன்னால் உட்கார வேண்டும். அவள் அவர்களை அங்குலம் அங்குலமாகப் பார்க்கலாம், அவர்களால் அவளைப் பார்க்க முடியாது. இத்தனை நிம்மதியான நாற்காலி வேறெங்கே கிடைக்கும்? கேமராவையும் அவள் அதே நாற்காலிக்குத்தான் கொண்டுபோயிருக்கிறாள். முதுகுகளை எடுத்த காலம் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தாள். முடியவில்லை. முதுகு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அழுகை வரவில்லை. வந்தது ஒருவிதமான சுறுசுறுப்பு. எந்த இடத்தில் ஃபிரேம் வளைந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு அவளுக்கு எப்போதும் வருவது.

திங்கட்கிழமை கடை முதலாளியிலிருந்து ஆரம்பித்தாள்.

"நேத்துதான் சுவர் குடுத்தாங்கன்னு சொன்ன? இன்னிக்கு மறுபடியும் ஏன் என் உயிரை வாங்குற?"

"கண்ணாடியோட எடுக்கணும் சார். கழட்டாதீங்க."

"உன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா! நாள்காட்டியில குறிச்சு வைக்கணும்."

வெள்ளைக் கட்டம் மறுபடியும் லென்ஸில் வந்து குந்தியது. ஸ்டூலை நகர்த்தினாள். ஜன்னலில் துணி கட்டினாள். முதலாளியைக் குனியச் சொன்னாள், மோவாய் மூன்றாக மடிந்தது. ஒரு மணி நேரம் அல்லாடிவிட்டு, கேமராவைக் கீழே வைத்தபோது கை தானாகப் போய் அவர் காதருகே கண்ணாடிக் கம்பியைத் தொட்டது. காதின் மேல் ஒரு நெல்மணி உயரத்துக்குத் தூக்கிவிட்டாள். லென்ஸ் இரண்டும் லேசாகத் தரையைப் பார்த்தன. ஜன்னல் வழுக்கிக்கொண்டு இறங்கி மறைந்தது. உள்ளே இரண்டு கண்கள், கனமான லென்ஸ் சின்னதாக்கிய கண்கள், பளிச்சென்று தெரிந்தன. இத்தனை வருஷமாகக் கம்பி காதில் சரியாக உட்காரத்தான் அவள் பாடுபட்டிருக்கிறாள். வேண்டுமென்றே கோணலாக மாட்டியது இதுதான் முதல் தடவை.

தொழில் சிக்கல் அங்கே தீர்ந்தது. மற்றது தீர இன்னும் நாலு நாள் ஆனது. ஏனென்றால் இப்போது அவர்களுக்குக் கண் தெரிந்தது. வாட்ச் ரிப்பேர்காரர், பல்சக்கரத்தைப் பார்ப்பதுபோல் அவளை நிதானமாகப் பார்த்தார். "நீங்க இவ்வளவு பயந்த சுபாவமாம்மா? கடையில அதிகாரமால்ல பேசுவீங்க?" பேக்கரி அம்மா, "இடது புருவத்துல என்ன தழும்பு? விழுந்தியா?" என்றாள். கணக்கு டீச்சர் தப்பான விடையைக் கண்டுபிடித்ததுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது இன்னும் மோசம். முதல் இரண்டு நாள் கேமராவை முகத்துக்கு முன்னால் தூக்கித் தூக்கி ஒளிந்துகொண்டாள். படங்கள் விறைத்துப்போய் வந்தன. மூன்றாம் நாள் கேமராவை மார்பளவுக்கு இறக்கி வைத்துக்கொண்டு, முகத்தை வெறுமனே காட்டிக்கொண்டு பேசினாள். கழுத்துக்கு மேல் சூடு ஏறியது. ஏறட்டும் என்று விட்டாள். கொஞ்ச நேரத்தில் அது தானே இறங்கியது. தையல்காரர் படம் அன்றுதான் அமைந்தது.

வெள்ளிக்கிழமை நாத்தனார், பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் சீருடையோடே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கம்பியைத் தூக்கிவிட்டு அவள் நிமிர்ந்ததும், நாத்தனாரின் பார்வை அவள் முகத்தில் பொத்தென்று வந்து விழுந்தது.

"ஏய், கண்ணுக்குக் கீழ என்ன இவ்ளோ கறுப்பு? கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு! தூங்குறியா இல்லியா நீ? என் தம்பி என்ன பண்றான் வீட்ல, உன்னைக் கவனிக்காம?"

அவள் அழுத்தினாள். ஒரே ஒரு தடவை.

ஞாயிறன்று ஆறு புதுப் படங்களும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. யாரும் எழுந்து நிற்கவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். முன்பு மூஞ்சி கிடையாதா என்று கேட்ட பெண், "என்னமோ நம்மள எதுக்கோ கேள்வி கேக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அது புகழா குறையா என்று தெரியவில்லை. டாக்டர் சரியில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"அந்தப் பழைய ஆறும் எங்க? அந்தக் கனவு போச்சே! இதுல கண்ணு வேற சின்னதா தெரியுது, கண்ணாடி ஓரத்துல கன்னம் ஒடிஞ்சு தெரியுது. பழசையே போட்டுடலாம்."

படம் திரையில் இருந்தது. இருந்தும் அவள் பேசினாள். "டாக்டர், அது கனவு இல்ல. அவங்களுக்குக் கண்ணு தெரியல. நான் கண்ணாடியக் கழட்ட வச்சேன். நான் எங்க நிக்கிறேன்னு தேடிட்டு இருந்தாங்க."

பின்வரிசையில் யாரோ பொறுக்க முடியாமல் சிரித்தார்கள். டாக்டரின் காது சிவந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: "இருக்கட்டுமே. சுவர்ல பார்க்கிறவங்களுக்கு அது தெரியப் போறதில்லையே?"

"எனக்குத் தெரியுமே டாக்டர்."

"பாருங்க, எதிர்ச்சுவர் குழுவோட முகம் மாதிரி. பழைய படம்னா அது உங்களுக்கு. இதுதான்னா மாடிப்படிப் பக்கம் இடம் இருக்கு. அங்க யாரும் நிக்க மாட்டாங்க, ஏறிப் போயிட்டே இருப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பதினைந்து பேர், முப்பது கண்கள். அந்தச் சுவரை அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஆனால் யோசிப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

"மாடிப்படியே குடுங்க டாக்டர். ஆணி மட்டும் நான் சொல்ற உயரத்துல அடிக்கணும்."

கண்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை முழுக்க ஸ்கேலும் பென்சிலுமாகப் படிக்கட்டில் ஏறி இறங்கினாள். மூன்று படிக்கு ஒரு படம். அந்தப் படியில் ஒருவர் கால் வைக்கும்போது அவர் கண்ணும் படத்தின் கண்ணும் நேருக்கு நேர் வரும்படி ஒவ்வொன்றையும் மாட்டினாள். எதிர்ச்சுவருக்கு டாக்டர் யாருடைய மலை ஏரிப் படங்களையோ போட்டிருந்தார். நல்ல படங்கள்தான். போய்ப் பார்த்து, எடுத்தவரிடம் அதைச் சொல்லிவிட்டும் வந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவு திறந்தது. பத்தே காலுக்கு மாடிப்படி அடைத்துக்கொண்டது. முதலில் ஏறியவர் வாட்ச் ரிப்பேர்காரரின் பார்வையில் மாட்டி நின்றார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் இடித்து, யார் இந்த ஆள் என்று நிமிர்ந்தார், அவரும் நின்றார். கணக்கு டீச்சருக்கு எதிரே ஒரு பெரியவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். அவள் எட்டாம் படியில் சுவரோரமாக நின்றிருந்தாள். தூண் எதுவும் பக்கத்தில் இல்லை. தேடவும் இல்லை.

நாத்தனார் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்து தன் படத்துக்கு முன் நின்றாள். "அடப்பாவி. இவ்ளோ கோவமாவா இருக்கேன் நான்?"

"கோவம் இல்ல அக்கா. நல்லாப் பாருங்க."

நாத்தனார் பார்த்தாள். முதலில் படத்தை. பிறகு, அந்தப் படம் யாரைப் பார்க்கிறது என்று தேடுவதுபோல், மெதுவாகத் திரும்பி இவளை. வாயைத் திறந்தவள் என்ன நினைத்தாளோ, இவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். கீழே வரிசை வாசல்வரை நீண்டது.

மேலே ஹால் வாசலிலிருந்து பல் டாக்டர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்: "ஏறுங்கம்மா! ஏறுங்க சார்! இன்னும் பன்னெண்டு பேர் படம் இங்க பாக்க ஆளில்லாம கிடக்கு!"

யாரும் ஏறவில்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.