கத்திரி வெயிலுக்கு ஏற்ற ஆயில்

விழுப்புரத்தில் பாண்டுரங்கனின் ஆயில் கடை வாசலில் ஜெகதீசன் அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அவன் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

"அண்ணே, கத்திரி வெயிலு. தார் ரோடே இளகிக் கெடக்குது. 15 டபிள்யூ 40 தாங்குமா, இல்ல 20 டபிள்யூ 50 ஊத்தட்டுமா?"

"பின்னாடி இருக்குற நம்பருதான்டா சூட்டுக்கு. எஞ்சின் கொதிக்கிறப்ப ஆயிலு தண்ணியாட்டம் ஆயிடக் கூடாது. கம்பெனி புக்குல ரெண்டுமே போட்டுருக்கான். உன் வண்டி பழசு, பொகை வேற தள்ளுது. அம்பதே ஊத்து. அதுக்கும் மேல கெட்டியா தேடிக்கினு போவாத. காலைல ஸ்டார்ட் பண்றப்ப ஆயிலு மேல ஏறாம எஞ்சினு தேஞ்சிடும்."

"வேற இன்னாண்ணே பாத்துக்கணும்?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி வெச்சுக்கோ. நடுவுல நிறுத்தி ஆற வையி. தட்டுற சத்தம் கேட்டுச்சுன்னா ஒரு அடிகூட ஓட்டாத. முக்கியமா லோடைக் கொற."

கடைசிச் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஜெகதீசன் குரு உபதேசம்போல் வாங்கிக்கொண்டான். கடைசிச் சொல் மட்டும் செவிடன் காதில் ஊதிய சங்கு. ஏனென்றால் அவன் வண்டியின் லோடு மனிதர்கள். திருவாமாத்தூர்ப் பக்கத்துப் பெண்களைத் தன் குட்டியானை மினி லாரியின் பின்தொட்டியில் நிற்க வைத்து, திண்டிவனத்தைச் சுற்றியுள்ள நிலங்களுக்கு மல்லாட்டை எனும் நிலக்கடலை பிடுங்க ஏற்றிப் போவதுதான் அவன் பிழைப்பு. நிலக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். தலை குறைந்தால் யாருக்கு நட்டம்? மூட்டை ஏற்றவே யோசிக்க வேண்டிய அந்தத் தொட்டியில் இருபது பெண்களை அடைத்துக்கொண்டு போகிற புண்ணியவான், எஞ்சினுக்கு வெயில் தாங்குமா என்று மட்டும் ஊரெல்லாம் விசாரித்தான்.

அன்று மாலையே ஐம்பது ஊற்றப்பட்டது. மிச்ச ஆயில் இருந்த கேனைத் துணியில் சுற்றி, டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் குழந்தையைப்போல உட்கார வைத்தான்.

மறுநாள் உச்சிவேளையில் வேலை முடிந்து பெண்கள் வரப்பிலிருந்து ஏறி வந்தார்கள். பாஞ்சாலி மட்டும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கிறுகிறுன்னு வருது. முன்னாடி உக்காந்துக்கினு வரட்டா?"

"சீட்ல ஆயில் கேன் இருக்குது, தெரியல? கவுந்துச்சுன்னா நீயா வாங்கித் தருவ?"

"கேனை அவ மடில வெச்சுப்பா. தலை சுத்துதுன்றாளே" என்றாள் அவளுடைய அக்கா கிளியம்மாள்.

"வெயிலுன்னா அப்பிடித்தான் இருக்கும். ஏறுங்க, ஜல்தி ஏறுங்க. சும்மா பேஜாரு பண்ணிக்கினு."

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது எதிரே வந்த டிரைவர் ஒருவன் கையைக் காட்டி நிறுத்தினான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் போலீஸ் நிற்கிறதாம், ஆள் ஏற்றும் சரக்கு வண்டிகளைப் பிடிக்கிறார்களாம். ஜெகதீசனுக்கு இது பழகிய விஷயம். எல்லோரையும் குந்த வைத்து, மேலே தார்ப்பாயை இழுத்து நாலு பக்கமும் கயிற்றால் கட்டினான்.

"டோல்கேட்டு தாண்ற வரிக்கும் ஒருத்தியும் மூச்சு காட்டக் கூடாது."

கட்டிவிட்டு வேகமாகவாவது போயிருக்கலாம். புது ஆயிலாயிற்றே, எஞ்சின் சூடாகிவிடக் கூடாதே என்று உருட்டிக்கொண்டே போனான். சூடு காட்டும் முள்ளை நொடிக்கொரு தரம் பார்த்தான். முள் நடுவில் நின்றது. அவன் மனம் குளிர்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு, டொக் டொக்.

ஜெகதீசன் சட்டென்று முள்ளைப் பார்த்தான், அது நடுவிலேயே நின்றது. ஓட்டிக்கொண்டே பாண்டுரங்கனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, தட்டுற சத்தம் வருதுண்ணே! ஆயிலு ஒத்துக்கலியா?"

"ஓட்டாதடா! ஓரங்கட்டி ஆஃப் பண்ணு."

சாலையோரம் ஒரு புளியமரம் இருந்தது. முன்பக்கம் நிழலில் நிற்கும்படி பார்த்துப் பார்த்து நிறுத்தினான். பின்தொட்டி வெயிலில் நின்றது. சாவியைத் திருப்பினான். எஞ்சின் அடங்கியது.

டொக். டொக்.

"ஆஃப் பண்ட்டேன்ணே. இப்பவும் தட்டுதுண்ணே!" அழாத குறையாகச் சொன்னான்.



"டேய் ஜெகா, ஆஃப் பண்ண எஞ்சினு எப்பிடிடா தட்டும்? பின்னாடி இன்னா ஏத்திக்கினு வர்ற?"

அப்போதுதான் அந்த மண்டைக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தான். அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே பெண்கள் நனைந்த துணிபோல் துவண்டு கிடந்தார்கள். கிளியம்மாளின் மடியில் பாஞ்சாலி கண் செருகிக் கிடந்தாள். உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. கிளியம்மாளின் வலது கை இன்னும் தொட்டித் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஒருத்தி இறங்கி ஓடி, முன்சீட்டுக்குக் கீழே இருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கினாள்.

"அது ரேடியேட்டருக்கு..." என்றான் ஜெகதீசன். வாயில் வந்ததே அதுதான். அவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாஞ்சாலியை இறக்கி மர நிழலில் கிடத்தி, தலையிலும் மார்பிலும் தண்ணீரை ஊற்றி, முந்தானையால் விசிறினார்கள். ஆம்புலன்ஸ் வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. டாக்டர்கள் படாத பாடுபட்டு அவள் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு ஜெகதீசன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். பாஞ்சாலி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

"அக்கா, போலீஸ்ல கேட்டாங்கன்னா பஸ்ல வந்தோம்னு சொல்லிடுங்கக்கா. வண்டியப் புடிச்சு வெச்சுட்டா எஞ்சினு துருப்பிடிச்சுடும். என்ன இருந்தாலும் சத்தம் கேட்டவுடனே நிறுத்தினேன் இல்ல?"

கிளியம்மாள் பழத்தைத் தொடவில்லை. தட்டித் தட்டித் தோல் உரிந்த கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"இருக்கறத இருக்கற மாதிரி போலீஸ்ல காலைலயே சொல்லியாச்சு. நிறுத்தினேன்றியே, போன்ல நீ கத்துனது உள்ள கேட்டுச்சு, எஞ்சினு தட்டுதுன்னு நெனச்சுத்தான நிறுத்தின? நாங்க தட்டுறோம்னு தெரிஞ்சிருந்தா டோல்கேட்டு தாண்டித்தான் நிறுத்தியிருப்ப. எஞ்சினுன்னு நெனச்சதாலதான் என் தங்கச்சி பொழச்சா."

ஜெகதீசன் பழத்தைக் கட்டிலோரம் வைத்தான். கிளியம்மாள் விடவில்லை.

"எங்க மேலயும் தப்பு இருக்குது. மூட்டை ஏத்துற வண்டின்னு தெரிஞ்சேதான் ஏறினோம். இனிமே எங்க ஊருல ஒருத்தியும் ஏற மாட்டா. மூட்டையோட மூட்டையா ஏத்துறவன் கண்ணுக்கு மனுசனும் மூட்டைதான். இரும்பு சூடாவுதான்னு ஊரெல்லாம் கேட்டியே, தலை சுத்துதுன்னு எதுர நின்னு சொன்னவளைக் கேட்டியா? மொதல்ல மனுசங்க சொல்றதக் கேளு. எஞ்சினு அப்புறம்."

சொல்லிவிட்டு வாழைப்பழச் சீப்பை எடுத்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.