பெண் காலடி படாத நீர்

மழை பொய்த்து மூன்று வருஷமாகிவிட்டது. அதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சாலையோரத்துச் செனோட்டேயைச் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிட்டதுதான் காரணம் என்றார்கள் சிலர். பாறை இடிந்து உண்டான அந்தப் பெரும்பள்ளத்து நீரில் ஒரு காலத்தில் மழைச்சாமி சாக் குடியிருந்தார்; இப்போது ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர்கள் குதித்துக் கூத்தடிக்கிறார்கள், எந்தச் சாமிதான் அங்கே இருக்கும் என்று கேட்டார்கள். அந்த டிக்கெட் காசில் வீட்டுக்கூரை மாற்றிக்கொண்டவர்களும் இதையேதான் கேட்டார்கள். வேறு சிலர், பூசாரி கிறிசாந்தோவுக்கு வயதாகிவிட்டது, மந்திரத்தில் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது என்றார்கள்.

உண்மைக் காரணம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பினாள் பூசாரியின் மனைவி பசிலியா. மூன்று வருஷமாக அதை மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள்.

மழைப் பூசைக்கு வைக்கும் தண்ணீர் பெண் காலடி படாத இடத்திலிருந்து வர வேண்டும். அப்படிப்பட்ட இடம் அந்த ஊருக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சோளக்கொல்லைகளைத் தாண்டி, காட்டுக்குள் ஒரு குகை. அதன் அடியில் ஒரு சின்னச் செனோட்டே. வருஷத்துக்கு ஒரு தடவை கிறிசாந்தோ வேர்களைப் பிடித்து இறங்கி, பதின்மூன்று சுரைக்குடுக்கைகளில் நீர் மொண்டு வருவார். பெண்கள் அந்தப் பக்கம் விறகு பொறுக்கக்கூடப் போவதில்லை.

பசிலியா போனாள். மகள் யமிலியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

யமிலி சாலையோரத்துச் செனோட்டேயில் மிதவைச் சட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். நீச்சலில் அவளை மிஞ்ச ஊரில் ஆண்பிள்ளை கிடையாது. இருபத்திரண்டு வயதில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டன. வாரம் இரண்டு தடவை பஸ் பிடித்து மெரிதா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, வெளுத்துப்போய்த் திரும்பி வருவாள். ஒருநாள், "அப்பா தண்ணி எடுக்கிற இடத்த ஒரு தடவை பாக்கணும்மா" என்றாள். சாகக் கிடக்கும் பிள்ளை கேட்டதை எந்தச் சாமிக்காக மறுப்பது? ஆண்களெல்லாம் பக்கத்து ஊர்த் திருவிழாவில் காளை விளையாட்டு பார்க்கப் போயிருந்த மத்தியானம், மகளின் கழுத்தில் செருகியிருந்த குழாயின் மேல் தண்ணீர் தெறித்துவிடாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டி, பசிலியா அவளைக் கூட்டிப் போனாள்.

பதினெட்டாம் நாள் யமிலி செத்துப்போனாள். அந்த வருஷம் மழை இல்லை. அடுத்த இரண்டு வருஷமும் இல்லை. மகளையும் தானே கொன்றோம், ஊரின் சோளத்தையும் தானே கருக்கினோம் என்று பசிலியா உள்ளுக்குள் வெந்தாள். வெளியே சொன்னால் ஊர் அவளை விட்டுவிடும், செத்தவளைத்தான் பிடித்துக்கொள்ளும். நோயாளி உடம்போடு போய்ச் சாமித் தண்ணீரைத் தீட்டாக்கியவள் என்று யமிலியின் கல்லறையில் காறித் துப்புவார்கள். சொல்லாவிட்டால் கிறிசாந்தோ இந்த வருஷமும் கெட்ட தண்ணீரைச் சாமி முன் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டு நிற்பார். வீடுகளில் மீதமிருந்த விதைச்சோளத்தையும் ஊன்றியாகிவிட்டது. இனி ஊன்ற ஒன்றும் இல்லை.

தண்ணீர் எடுக்கும் நாள் காலையில் கிறிசாந்தோ குடுக்கைகளை வலைப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பூசைக்கு முந்தின எட்டு நாளும் பூசாரியும் ஊர் ஆண்களும் மனைவியைத் தொடக்கூடாது. அறுபத்தாறு வயதில் அது ஒன்றும் பெரிய தவமில்லை. இருந்தாலும் முறை முறைதான் என்று தன் வலைத்தூளியைச் சமையல் கொட்டகையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணிய எடுக்காதீங்க" என்றாள் பசிலியா.

"ஏன், பாம்பு கீம்பு கெடக்கா?"

"நான் உள்ள எறங்கினேன். யமிலியும் எறங்கினா."

கையில் இருந்த குடுக்கையைக் கிறிசாந்தோ கீழே வைத்தார். "எப்போ?"

"அவ போறதுக்குப் பதினெட்டு நாள் முன்னாடி."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"பாதிரியார்கிட்டகூடச் சொல்லல."

திட்டுவார், கை ஓங்குவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் வைத்த குடுக்கையை எடுத்துப் பைக்குள் போட்டார், தொப்பியை மாட்டினார், வெளியே போனார். தெரிந்தே தண்ணீரை எடுக்கப் போகிறாரா, மகளைக் காட்டிக் கொடுக்கப் போகிறாரா? சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

திடலில் ரமோன் மரத்தடியில் ஆண்கள் காத்திருந்தார்கள். பசிலியா கல் மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். கிறிசாந்தோ பையை இறக்கி வைத்தார்.

"குகைத் தண்ணி கெட்டுப்போச்சு. அத எடுக்கக்கூடாது."

"யார் கெடுத்தா?" என்றார் ஊர்த்தலைவர் எர்மிலோ.

பசிலியா வாயைத் திறந்தாள். அதற்குள் கிறிசாந்தோ, "நான்தான்" என்றார். "என்னால விரதம் இருக்க முடியல. பொண்டாட்டியத் தொட்ட உடம்போட போய்த் தண்ணியில கை வெச்சேன்."

மாட்டுக்கார லாசரோதான் ஆரம்பித்தான். "யாரு, நீங்களா தோன் கிறிசாந்தோ? எந்திரிச்சு நின்னாலே முட்டி கடகடங்குதே உங்களுக்கு."

"வாலிபப் பசங்க நாங்க பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கறோம், தாத்தா கமுக்கமா வேலைய முடிச்சிட்டாரு" என்றான் இன்னொருவன்.

"தோன்யா பசிலியாவுக்கு மொதல் பூசை, மிச்சம் மீதிதான் சாமிக்கு."

மரத்தடி முழுக்கச் சிரிப்பு. மதிலுக்கு இந்தப் பக்கம் பசிலியாவின் முகம் எரிந்தது. எர்மிலோ மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷம் மட்டுமா?" என்று கேட்டார்.

"மூணு வருஷமா" என்றார் கிறிசாந்தோ.

சிரிப்பு நின்றது. லாசரோ முன்னால் வந்தான். அவன் மூன்று மாடுகளையும் அடிமாட்டுக்கு விற்றவன். "என் மகன் கான்கூன்ல சிமெண்டு மூட்டை சுமக்கறான். பள்ளிக்கூடத்துல இருக்க வேண்டியவன். எட்டு நாள் உன்னால அடக்கிக்கிட்டு இருக்க முடியலையா?" என்றான். 'தோன்' என்கிற மரியாதை போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. பூசாரியாக இருந்த நாற்பத்தோரு வருஷத்தில் அந்த ஊரில் யாரும் கிறிசாந்தோவை அப்படிப் பேசியதில்லை.

பசிலியா மதிலைச் சுற்றிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தாள். கிறிசாந்தோ அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா. அப்படியே நின்றுவிட்டாள். வாயைத் திறந்திருக்கலாம், புருஷனின் மானம் திரும்பியிருக்கும், மகளின் பெயர் போயிருக்கும். திறக்கவில்லை. யாரோ ஒருவன் வலைப்பையைக் காலால் உதைத்தான். குடுக்கைகள் புழுதியில் உருண்டன. கிறிசாந்தோ அவற்றைப் பொறுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அடுத்த வாரம் வேறு ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு பூசாரி வந்தான், நாற்பது வயதுகூட இருக்காது. நெடுந்தூரம் போய் வேறொரு குகையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். மழையைக் கூப்பிடுவதற்காகப் பூசைப் பந்தல் காலில் கட்டிவைத்த சிறுவர்கள் தவளைபோலக் கத்துவது வீடு வரைக்கும் கேட்டது. கிறிசாந்தோவை யாரும் கூப்பிடவில்லை. கத்தல் எந்த இடத்தில் ஓய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் அவர் உதடு தானாக அசைந்தது. பசிலியா அதைப் பார்க்க மாட்டாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மழை வந்தது. கூரை ஓலை அதிரப் பெய்தது. தெருவில் ஜனங்கள் நனைந்துகொண்டே கூச்சலிட்டுப் போனார்கள். அந்த வீட்டு வாசல் வந்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் நின்று, "தோன்யா பசிலியா, இனிமேலாச்சும் கிழவரத் தள்ளியே வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மழையைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூடத் தன்னால் முடியவில்லையே என்று பசிலியாவுக்கு அழுகை வந்தது.

கிறிசாந்தோ வாசலை ஒட்டித் தூளியில் உட்கார்ந்திருந்தார். குகையைப் பற்றி இந்த ஒன்பது நாளும் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எப்படிக் குளிச்சா?" என்று கேட்டார்.

பசிலியாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல காலை மட்டும்தான் வெச்சா. பாத்தா போதும்னுதானே வந்தா. அப்புறம் கேக்கல, எறங்கிட்டா. நான் கழுத்து நனையாம தாங்கிக்கிட்டேன். மல்லாக்கப் படுத்து மிதந்தா. மேல பொத்தல் இருக்கில்ல, அது வழியா வெயிலு அவ வயித்துல விழுந்துச்சு. அம்மா, இங்க எதுவுமே வலிக்கலம்மான்னு சொன்னா."

"எவ்வளவு நேரம் இருந்தா?"

"அரை மணிகூட இருக்காது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னா. ஆம்பளைங்க திரும்பிடுவாங்களோன்னு பயந்து நான்தான் ஏறு ஏறுன்னு இழுத்துட்டு வந்தேன்."

கிறிசாந்தோ வாசல் ஓலையிலிருந்து சொட்டிய மழையில் கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாமே பசிலியா" என்றார்.