வரிசையில் விட்டுவந்த இடம்

இரண்டு மாதம் கழித்து மருந்துக் கடைக்கு மாத்திரை வந்திருக்கிறது என்றதும் சந்தியாகோ நகரில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். கியூபாவில் வேறென்ன வேலை? "யாரு கடைசி?" என்று கேட்டேன். கிழவர் லதிஸ்லாவோ கை தூக்கினார். அவருக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் எங்கள் தெரு மிக்தாலியா வந்தாள்.

என் மார்புக் கட்டியை வெட்டியாயிற்று, கதிர்வீச்சும் முடிந்தது. இனி ஐந்து வருடம் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரையாம். போடாவிட்டால் என்னைப் போன்ற நூறு பேரில் பன்னிரண்டு பேருக்குத் திரும்ப வரலாம், போட்டால் ஏழெட்டுப் பேருக்கு என்றாள் டாக்டர்.

"அப்போ அந்த நாலஞ்சு பேருக்காக மத்தவங்க எல்லாரும் சும்மா முழுங்கணுமா?"

"நீங்க எதுல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றாள். இதைச் சொல்லவா அத்தனை வருடம் படித்தாள்?

வரிசையில் மிக்தாலியா என் மருந்துச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டாள். "நெரெய்தா, நானும் இதேதான். மூணு வருஷமா."

"எப்படிடி இருக்கு?"

"அடுப்பை முழுங்கின மாதிரி. கரண்ட் போச்சுன்னா புருஷனை விசிறச் சொல்லுவேன்."

"சரி, மத்தது?"

"எது?"

"அதான்டி!"

வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. "முதல் வருஷம் கடைக்குப் பூட்டு. அப்புறம் வெக்கத்தை விட்டு டாக்டர்கிட்ட சொன்னேன். வழவழன்னு ஏதோ குடுத்தாங்க" என்றாள்.

லதிஸ்லாவோ திரும்பினார். "பிரஷர் மாத்திரை போட்ட நாள்லேருந்து என் கடையும் பூட்டுதான். நான் யார்கிட்டம்மா சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவெலியோ என்னோடு வாழ என் வீட்டுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஐம்பத்து நான்கு வயதில் வாய்த்த மனுஷன், அவனுக்கும் பூட்டு என்றால் என் தலையெழுத்தை என்னவென்பது?

"போதும்டா சாமி!" என்று கத்தினேன். "வெட்டுனாங்க, சுட்டாங்க, பொறுத்துக்கிட்டேன். இனிமே தினம் காலையில காபி குடிக்கும்போது உனக்கு கேன்சர் வந்துச்சுடின்னு ஒரு மாத்திரை எனக்குச் சொல்லணுமா? எனக்கு வேண்டவே வேண்டாம். நான் போறேன்!"

சீட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன். நாலடி போய்த் திரும்பி, "மிக்தாலியா, நான் உனக்கு முன்னாடி. பார்த்துக்கோ" என்றேன். எங்கள் ஊரில் பின்னால் நிற்பவரிடம் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் இடம் நம்முடையதுதான்.

"ஏண்டி, வேண்டாம்னு போறவ எதுக்கு இடம் பிடிச்சு வெச்சுட்டுப் போற?"

சண்டைக்காரி நான். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"செத்துப்போயிடுவேனோன்னு பயமா இருக்குடி."

எவெலியோவிடம்கூட இதைச் சொன்னதில்லை. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றேன்.

"ஒரு மாசம்தான் போட்டுப் பார்ப்பேன், சொல்லிட்டேன்."

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள் மிக்தாலியா. அவள் கண் கலங்கியிருந்தது. "எனக்கும் பயம்தான்டி. நகரு, வரிசை போகுது."