நாற்பத்தொரு குண்டுகள்

1996 தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றின் கம்ப்யூட்டரை விட்டு நாற்பத்தொரு சிப்பாய்கள் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீ கேட்டார்கள். உடம்பெல்லாம் மைக்கோடாக இருந்ததால் உட்கார்ந்த பெஞ்சில் கறை ஒட்டியது, மற்றபடி அவர்களால் தொந்தரவில்லை. கத்தரிக்காய் விலை அன்றைக்கும் இறங்கவில்லை.

எல்லாம் துர்கா செய்த வேலை. சூளையிலிருந்து வரும் கோப்பைகளில் கரும்புள்ளி பார்ப்பது அவள் பொறுப்பு. புள்ளி விழுந்தால் கோப்பை கழிவு. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய புள்ளி கிடையாது. கோப்பைக்குப் பூ டிசைன் போட முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியபோது அதையும் அவளே கற்றுக்கொண்டாள். நூலகர் சக்கரபாணி, கரையான் அரித்த பழைய போர்ச் சித்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, “சுத்தம் பண்ணிக் குடும்மா, ஸ்கூலு ஸ்கூலா சும்மாவே குடுத்துடலாம்” என்றார். துர்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. தான் படித்த சண்டைப் பாடங்களில் ஒரு முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. ஸ்கேன் செய்து முடித்ததும் தாள் மாவாக உதிர்ந்துவிட்டது. ஒரு மாதம் உட்கார்ந்து கறை, மடிப்பு, ஓட்டை எல்லாவற்றையும் சரிசெய்தாள். வானத்தில் கிடந்த கரும்புள்ளிகளையும் பழக்க தோஷத்தில் ஒன்றுவிடாமல் துடைத்துச் சேமித்துவிட்டாள். பாவி மகள், அவை பறந்துகொண்டிருந்த துப்பாக்கிக் குண்டுகள்.

குண்டில்லாத சண்டையில் எதற்கு நிற்பது என்றுதான் சிப்பாய்கள் இறங்கிவிட்டார்கள். திரையில் கோட்டையும் வெறும் பொட்டலும் மிச்சம். வேறு பிரதி எங்கும் இல்லை. துர்கா சோறு இறங்காமல் இரண்டு நாள் அழுதாள்.

மூன்றாம் நாள் அவர்களே வந்தார்கள். முன்னால் நின்றவன் பேர் காத்தவராயன். “எந்தப் பொஸ்தகத்துலயும் எங்க பேரு இல்ல. செத்ததும் இல்லன்னு ஆயிட்டா எப்படிங்க? குண்டத் திருப்பிப் போட்டுடுங்க” என்றான்.

“நான் போட்டா நீங்க செத்துடுவீங்களே.”

“அது அப்பவே செத்தாச்சுங்க. இனிமே பஸ்ஸு புடிச்சு வூட்டுக்கா போவப் போறோம்?”

ஒவ்வொருவராக வந்து மார்பையோ தோளையோ தொட்டு, குண்டு வந்த திசையைக் கைநீட்டிக் காட்டினார்கள். துர்கா முதலில் பேர் கேட்டுப் படத்துக்கு அடியில் அடித்தாள், அப்புறம் வானத்தில் புள்ளி வைத்தாள். புள்ளி விழுந்ததும் அந்த ஆள் உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றான். நாற்பத்தொன்றாவது புள்ளிக்கு எழுந்த வெடிச்சத்தத்தில் வேப்பூர் சாலையில் லாரிகள் நின்றுவிட்டன. துர்கா நாற்காலியை விட்டு எழுந்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சண்டையில் ஜெயித்தது யாரென்று கேட்டால் இந்த ஊரில் அவள் பேரைத்தான் சொல்வார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் பிளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். பக்கத்திலுள்ள நல்லூர், மங்களூர்ப் பள்ளிக்கூடங்களில் அச்செடுத்துச் சுவரில் மாட்டினார்கள். அடியில் உள்ள பேரை யாராவது வாய்விட்டுப் படித்தால் படத்திலிருந்து “உள்ளேன் ஐயா” என்று பதில் வந்தது. வாத்தியார்கள் பிள்ளைகளுக்கு வருகை எடுத்த கையோடு அவர்களுக்கும் எடுத்தார்கள். நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட ஒரு நாளும் லீவு போட்டதில்லை.